ராசாவும் மெழுகுப்புழுவும்

ஊரில் ஓணானைக் கண்டால் கல்லை எடுத்தவர்கள் நாங்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகையில் கிளுவை வேலியில் தலையாட்டிக்கொண்டிருக்கும் ஓணானுக்கு ஈர்க்கில் சுருக்கு வைத்துப் பிடித்ததும் உண்டு. அப்படிப்பட்ட நாங்கள் லண்டனில் ஒரு மாடி வீட்டில் பச்சோந்தி வளர்ப்போம், அதற்கு எந்தப் பூச்சியை எந்தக் கிழமை கொடுப்பது என்று பத்திரிகைக்கும் எழுதுவோம் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால், சொன்னவருக்கும் ஒரு கல் விழுந்திருக்கும்.

நாங்கள் என்று எழுதுவது கணவன் மனைவி இருவரையும் சேர்த்துத்தான். பேனை பிடிப்பது ஒருவர், பிழை பிடிப்பது மற்றவர். இருவரும் ஓ.எல். உடன் படிப்பை விட்டவர்கள். இருவருக்கும் பார்க் றோயல் பக்கம் ஒரே பக்ரறியில் சான்ட்விச் அடுக்குகிற வேலை. ஆகவே இதில் பெரிய விஞ்ஞானம் எதிர்பார்க்க வேண்டாம். இந்த வருடம் புதிதாக வந்து குடியேறிய இரண்டு குடும்பங்கள், பிள்ளைகள் இப்படியான பிராணி கேட்டு அழுகிறார்கள், என்ன செய்வது என்று எங்களிடம் விசாரித்தார்கள். வாயால் சொன்னதை எழுதி வைத்தால் மற்ற உறவுகளுக்கும் உதவும் என்று பட்டது.

எங்களில் ஒருவர் 2014 இல் முதலில் வந்தார். வழக்கு முடிந்து விசா கிடைத்து, மற்றவரும் மகனும் 2018 இல் வந்து சேர்ந்தார்கள். மகனுக்கு அப்போது 6 வயது. வீட்டில் தமிழில் வாயாடி. பள்ளிக்கூடத்திலோ ஒரு வருடம் கழிந்தும் வாய் திறக்கவில்லை. ரீச்சர் கூப்பிட்டுச் சொன்னபோது பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை. சுவரோரம் தனியே நிற்கிறான் என்பது மட்டும் நன்றாக விளங்கியது.

2019 கடைசியில், எங்களோடு ஒரே லைனில் நின்ற போலந்துக்காரர் குடும்பத்தோடு ஊருக்குத் திரும்ப முடிவு செய்தார். அந்த வருடங்களில் அப்படித் திரும்பியவர்கள் பலர். அவர் வளர்த்த பச்சோந்தியைக் கொண்டுபோக வழியில்லை. “உன் பையனுக்குக் கொடு” என்று கூடு, விளக்குகள், தண்ணீர் தெளிக்கிற போத்தல் எல்லாவற்றையும் வானில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். நாலு அடி உயரமான வலைக் கூடு. உள்ளே ஒரு கொப்பைக் கட்டிப்பிடித்தபடி, தலையில் முடி வைத்த மாதிரிக் கொண்டை உயர்ந்த ஒரு பச்சைப் பிராணி. யேமன் பச்சோந்தி என்று சொன்னார். யேமனும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மூலையும்தான் அதன் சொந்த இடம். எங்கள் நாட்டு உலர்வலயக் காடுகளிலும் தென்னிந்தியாவிலும் பச்சோந்தியில் வேறொரு இனம் உண்டு. வேலியில் நாங்கள் கண்டதெல்லாம் ஓணான்தான், உண்மையான பச்சோந்தி அல்ல என்பது எங்களுக்கு இங்கே வந்துதான் தெரிந்தது.

மகன் அதற்கு ராசா என்று பெயர் வைத்தான். கொண்டையைப் பார்த்து வைத்தான் என்று நினைத்தோம். கேட்டால், “அம்மா என்னை அப்பிடித்தானே கூப்பிடுறவ” என்றான். அதன் பிறகு வீட்டில் “ராசா சாப்பிட்டானோ?” என்றால் எந்த ராசா என்று திருப்பிக் கேட்க வேண்டியதாயிற்று.

போலந்துக்காரர் தேநீர் இடைவேளையில் 10 நிமிடத்தில் எல்லாப் பாடமும் நடத்தினார். பச்சோந்தி அசைகிற உயிரைத்தான் பிடிக்கும். கோப்பையில் வைத்த தண்ணீரைக் குடிக்காது, இலையில் தெளிக்க வேண்டும், சொட்டுச் சொட்டாக நக்கும். அன்றாடச் சாப்பாடு கிறிக்கெற் பூச்சியும் வெட்டுக்கிளியும். கிறிக்கெற் என்றால் விளையாட்டு அல்ல, இரவில் கத்துகிற சுவர்க்கோழி. இரண்டையும் கடையில் பிளாஸ்ரிக் பெட்டியில் உயிரோடு விற்கிறார்கள். பிறகு வெள்ளையாக, கொழுகொழு என்று ஒரு புழு உள்ள சின்ன டப்பாவைக் காட்டி, “இது இனிப்பு மாதிரி, ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்” என்றார்.

அவர் சொன்னதை நாங்கள் வேறு மாதிரி விளங்கிக்கொண்டோம். இனிப்பு என்றால் மிகப் பிடித்தது, பிடித்தது என்றால் நல்லது. பிள்ளைக்குப் பிடித்ததைக் கொடுப்பதில் என்ன பிழை?

அந்தப் புழுவுக்கு மெழுகுப்புழு என்று பெயர். தேன்கூட்டுக்குள் புகுந்து மெழுகைத் தின்கிற ஒருவகை அந்துப்பூச்சியின் குஞ்சு. இடுக்கியில் பிடித்து நீட்டியதும் ராசாவின் இரண்டு கண்ணும் ஒரே பக்கம் திரும்பும். மற்ற நேரத்தில் ஒரு கண் முன்னுக்கும் மற்றக் கண் பின்னுக்குமாகத் தனித்தனியே சுற்றிக்கொண்டிருப்பவை. வாய் மெல்லத் திறக்கும். பிறகு தன் உடம்பைவிட நீளமான நாக்கு வெளியே போய் வந்த சத்தம்தான் கேட்கும். மகன் முதல் தரம் பார்த்தபோது சிரித்த சிரிப்பு இங்கே வந்த பிறகு நாங்கள் கேட்டிராத சிரிப்பு. இரண்டு மாதத்தில் புழுவைக் கண்டால் ராசா அவன் கையில் ஏறி வரத் தொடங்கியது. கிறிக்கெற்றுக்கு அப்படி வராது.

2020 மார்ச் 20 ஆம் திகதி பள்ளிக்கூடங்கள் பூட்டின. சாப்பாட்டுப் பக்ரறி என்றபடியால் எங்களுக்கு வேலை நிற்கவில்லை. எங்களைப் போன்றவர்களின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம் என்று கடிதம் வந்தது, நோய்க்குப் பயந்து அனுப்பவில்லை. ஒருவர் பகல் ஷிப்ற், மற்றவர் இரவு ஷிப்ற் என்று மாற்றி எடுத்தோம். வீட்டில் எப்போதும் ஒருவர் இருப்போம், ஆனால் இருப்பவர் நித்திரையில் இருப்பார். மகனும் ராசாவும் சாலையில் தனியே. சத்தம் போடாதே, எழுப்பாதே என்று சொல்லிவிட்டு, குற்ற உணர்வுக்கு ஒரு பெட்டி பிஸ்கற்றும் சொக்கலேற்றும் மேசையில் வைத்துவிட்டுப் படுப்போம். ராசாவுக்கும் குறை வைக்கவில்லை. வளர்ப்புப் பிராணிகளின் கடைகள் திறந்திருக்க அனுமதி இருந்தது. வாரம் 3 டப்பா மெழுகுப்புழு வாங்கினோம். முடிந்துவிட்டது என்று மகன் கேட்டால் மறுநாள் வாங்கி வருவோம். ஒரு டப்பாவில் எத்தனை புழு, அது எத்தனை நாளுக்குப் போதும் என்று கணக்குப் பார்க்கவில்லை.

இதை எழுதும்போது ஒன்றை மறைக்க விரும்பவில்லை. 2009 இல் வன்னியில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் நாங்கள் இருவரும். அப்படி நின்றவர்களுக்கு, கேட்கிற வாய்க்கு இல்லை என்று சொல்ல நா எழாது. எங்கள் பிறிட்ஜும் அலுமாரியும் இன்றைக்கும் நிரம்பி வழிவது அதனால்தான். புதிதாக வந்த வீடுகளிலும் அதைப் பார்க்கிறோம். காரணம் கேட்பதில்லை, தெரியும்.

யூன் மாதம் அளவில் ராசா கிறிக்கெற்றைத் திரும்பியும் பார்க்காமல் விட்டது. கூட்டுக்குள் விட்டவை கீழே ஓடித் திரிந்தன. பிடிபடாத கிறிக்கெற்றை இரவில் கூட்டுக்குள் விடக்கூடாது, அவை உறங்குகிற பச்சோந்தியைக் கடிக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியாது. காலில் சின்னப் புண் கண்டோம். பிறகு ஒரு நாள் கொப்பில் ஏறும்போது முன்னங்கால் வழுக்கியது. மறுநாளும் வழுக்கியது. மகன் எங்களை நித்திரையால் எழுப்பினான். அந்த மூன்று மாதத்தில் அவன் எங்களை எழுப்பியது அந்த ஒரு தரம்தான்.

எல்லா மிருக வைத்தியரும் ஊர்வன பார்ப்பதில்லை. பல இடத்துக்கு ரெலிபோன் எடுத்து, பார்ப்பவர் ஒருவரைப் பிடித்தோம். அந்த நாட்களில் ஆட்களை உள்ளே விடமாட்டார்கள். பெட்டியைக் கதவடியில் கொடுத்துவிட்டு வெளியே காருக்குள் இருக்க வேண்டும், டொக்ரர் ரெலிபோனில் பேசுவார். பேசினார். பக்ரறி இங்கிலிஷ் எங்களுக்குப் போதும். பூச்சியின் பெயர், எத்தனை, எந்தக் கிழமை, விளக்கு எப்போது மாற்றியது என்ற கேள்விகளுக்கு அந்த இங்கிலிஷ் போதவில்லை. போனைப் பின் சீற்றில் இருந்த மகனிடம் கொடுத்தோம்.

ரீச்சரோடு ஒரு சொல் பேசாத பிள்ளை, முகம் தெரியாத அந்த டொக்ரரம்மாவுக்கு 15 நிமிடம் பதில் சொன்னான். ஒரு நாளைக்கு 10, சில நாள் 15 மெழுகுப்புழு கொடுத்ததைச் சொன்னான். அம்மாவும் அப்பாவும் நித்திரை, ராசா மட்டும்தான் என்னிடம் வந்தது, புழு இல்லாவிட்டால் வராது என்பதையும் இங்கிலிஷில் சொன்னான். எங்களுக்கு விளங்காது என்று நினைத்தானோ தெரியாது. விளங்கியது.

டொக்ரர் அவனை ஏசவில்லை. எங்களையும் ஏசவில்லை. உடம்பில் கொழுப்பு வைத்துவிட்டது, எலும்பு இளகத் தொடங்குகிறது, நல்லவேளை தொடக்கம்தான் என்றார். அவர் விளக்கியதை, பிறகு நாங்கள் வாசித்தறிந்ததோடு சேர்த்து எழுதுகிறோம். மெழுகுப்புழுவின் நிறையில் ஏறக்குறைய 100 க்கு 25 பங்கு கொழுப்பு. கிறிக்கெற்றில் 7 பங்கு அளவுதான். இது ஒரு பக்கம். மற்றப் பக்கம் சுண்ணாம்புச் சத்து. பச்சோந்தியின் சாப்பாட்டில் பொஸ்பரஸ் எவ்வளவோ, கல்சியமும் குறைந்தது அவ்வளவாவது வேண்டும். கடைப் பூச்சி பெரும்பாலானவற்றில் இது தலைகீழ். கிறிக்கெற்றிலேயே கல்சியத்தைப் போல் 7 மடங்கு பொஸ்பரஸ். அதனால்தான் பூச்சியைக் கல்சியம் தூளில் பிரட்டிக் கொடுக்கச் சொல்கிறார்கள், கொழுக்கட்டைக்கு மா பிரட்டுவதைப் போல லேசாக. கல்சியம் உடம்பில் சேர வைற்றமின் டி வேண்டும், அதற்குப் புறஊதா விளக்கு வேண்டும். அந்த விளக்குக் குழாய் வெளிச்சம் தந்துகொண்டே இருக்கும், ஆனால் புறஊதாக் கதிர் மாதக் கணக்கில் குறைந்துவிடும். வகைக்கு ஏற்ப 6 முதல் 12 மாதத்தில் மாற்ற வேண்டும். எங்களுடையது போலந்துக்காரர் தந்த அதே குழாய். எரிகிறதுதானே என்று விட்டிருந்தோம்.

பில் 86 பவுண்ஸ், மருந்து தனி. இரண்டு தவணையில் கட்டினோம். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2006 ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி, வளர்க்கிற பிராணிக்கு ஏற்ற சாப்பாடு கொடுப்பது வளர்ப்பவரின் கடமை என்பதையும் அப்போதுதான் அறிந்தோம். வாங்கும் முன் வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மெழுகுப்புழு நிறுத்து, கிறிக்கெற் மட்டும் கொடு, பிடிவாதம் பிடிக்கும், பயப்படாதே, வளர்ந்த பச்சோந்தி சில நாள் பட்டினி தாங்கும் என்று சொல்லி அனுப்பினார். மருந்தை மட்டும் துளித்துளியாக வாயில் விட வேண்டும்.

சொல்வது சுகம். மூன்றாம் நாள் மகன் அழுதான். ஐந்தாம் நாள் எங்களில் ஒருவர் கடைக்குப் போய் ஒரு டப்பா மெழுகுப்புழு வாங்கிவந்து கோட்டுப் பைக்குள் ஒளித்து வைத்தார். மற்றவர் அதைக் கண்டுபிடித்தார். கலியாணம் கட்டின காலத்தில் போடாத சண்டை அன்றைக்குப் போட்டோம். “ஒரு உயிரைப் பட்டினி போட்டுப் பாத்துக்கொண்டிருக்க என்னால ஏலாது” என்று ஒருவர். “அப்ப கால் முறிஞ்சு சாகட்டுமே” என்று மற்றவர். யார் எது சொன்னது என்று இங்கே எழுதப் போவதில்லை. மகன் வந்து அந்த டப்பாவை வாங்கி, “டொக்ரரம்மா வேண்டாமெண்டவ” என்று சொல்லிக் குப்பைவாளிக்குள் போட்டான்.

ஒன்பதாம் நாள் காலை, கிறிக்கெற் ஒன்று செவ்வரத்தை இலையின் மேல் ஏறியது. ராசாவின் கண் இரண்டும் ஒரு பக்கம் திரும்பின. அவ்வளவுதான். இரவு வேலையால் வந்தவர் சப்பாத்தும் கழற்றாமல் நின்று பார்த்தார்.

கூட்டுக்குள் செவ்வரத்தை எப்படி வந்தது என்று கேட்பீர்கள். யேமன் பச்சோந்தி இலையும் பூவும் தின்னும். செவ்வரத்தை அதற்குக் கெடுதல் இல்லாதது. ஊரில் சாமிக்கு வைத்த பூவை அது ஒரு கடியில் விழுங்குவதைப் பார்க்க முதலில் ஒரு மாதிரித்தான் இருந்தது. கடையில் வாங்கிய செடிக்கு மருந்து அடித்திருப்பார்கள், மண்ணை மாற்றி இலையை நன்றாகக் கழுவிச் சில வாரம் வைத்திருந்து பிறகு கொடுங்கள்.

இனி, வாய்ருசிக்கு எதைக் கொடுப்பது என்ற விஷயம். ஒரு ருசியும் இல்லாமல் கிறிக்கெற் மட்டும் போட்டுக்கொண்டிருப்பதும் சரியல்ல. கையில் பழகுவதற்கும், நோய் நேரத்தில் மருந்து கொடுப்பதற்கும் இந்த ருசி உதவும். மெழுகுப்புழு இப்போதும் வாங்குகிறோம், வாரம் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. சின்ன டப்பாவில் மீதி கிடப்பது அந்துப்பூச்சியாக மாறிப் பறக்கும். அதை எறிய வேண்டாம், அந்தப் பூச்சியைத் துரத்திப் பிடிப்பதில் ராசாவுக்குத் தனிச் சந்தோஷம். மாப்புழு மலிவு, ஆனால் கொழுப்பு கிறிக்கெற்றின் இரண்டு மடங்கு அளவு, தோலும் கடினம். மோரியோ என்கிற பெரிய புழு அதைவிடக் கொழுப்பு, எப்போதாவது ஒன்று போதும். கல்சி வோர்ம் என்று விற்கிற சிறு புழு ஒருவகை ஈயின் குஞ்சு. அதில் மட்டும் பொஸ்பரஸைவிடக் கல்சியம் கூட, தூள் பிரட்டத் தேவையில்லை. ராசாவுக்கு அவ்வளவு பிடிக்காது, ஆனால் நெளிவதைக் கண்டால் தின்னும்.

எங்கள் தெரிவு பட்டுப்புழு. கொழுப்பு மிகக் குறைவு, உடம்பு மெத்தென்று, தண்ணீர்ச்சத்து அதிகம். விலைதான் கூட. முசுக்கட்டை இலை, அல்லது அதை அரைத்துச் செய்த தீன் கொடுத்து வளர்க்க வேண்டும். கூறைச் சேலைக்குப் போக வேண்டியதை இப்படிக் கொடுக்கிறோமே என்று முதல் பெட்டி வந்த அன்று ஒரு கவலை இருந்தது.

ஈயும் நல்லது, எலும்புக்கும் தசைக்கும் வேலை கொடுக்கும். தூண்டில் சாமான் கடையில் விற்கிற புழுவை வாங்கிப் போத்தலில் வைத்தால் சில நாளில் கபிலநிறக் கூடாகி, பிறகு ஈ வெளிவரும். கூட்டு வலைக்கண் பெரிதென்றால் ஈ தப்பும், பழைய யன்னல் சீலையால் சுற்றுங்கள். போத்தல் மூடியையும் ஒன்றுக்கு இரண்டு தரம் பாருங்கள். 2022 இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு ஆட்கள் வந்து, ஆட்டிறைச்சிக் கறி மேசைக்கு வந்த நேரம், குசினியில் 30, 40 நீல ஈ. “என்ன இது, மீன் சந்தையோ?” என்று கேட்ட அக்கா, பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தால் தேநீர் மட்டும் குடிப்பார்.

எதைக் கொடுத்தாலும் பூச்சியின் அகலம் பச்சோந்தியின் இரண்டு கண்ணுக்கும் இடைப்பட்ட அகலத்தை மிஞ்சக்கூடாது. பூச்சிக்கும் ஒரு நாள் முன்பே கரட், கீரை கொடுங்கள், அதன் வயிற்றில் உள்ளதுதான் இதன் வயிற்றுக்குப் போகிறது. தோட்டத்தில் பிடித்ததைக் கொடுக்க வேண்டாம், யார் என்ன மருந்து அடித்தார் என்று தெரியாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள உறவுகள் மின்மினியைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள், அங்குள்ள மின்மினிகளில் சில ஒன்றே ஒன்று பல்லி இனத்தைக் கொல்லப் போதும். வளர்ந்த பச்சோந்திக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் நாலைந்து பூச்சி காணும். இதை வைத்தியர் எழுதித் தந்தார், பிறிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறோம். அதே தாளின் அடியில் மகன் பென்சிலால் தனக்கும் ஒரு வரி எழுதி வைத்தான்: சொக்கலேற், சனிக்கிழமை. நாங்கள் சொல்லி எழுதியதல்ல.

2025 இல் ராசாவுக்கு ஏறக்குறைய 7 வயது. இந்த இனத்து ஆணுக்கு அது முதுமை. நாக்குக் குறி தவறுகிறது, பறக்கிற ஈயை இப்போது பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும். 13 வயது மகன் பட்டுப்புழுவை இடுக்கியில் பிடித்து மூக்கடியில் வைத்துக்கொண்டு நிற்பான், சில நாள் 20 நிமிடம். போன மாதம் கால் மறுபடி தளர்ந்தபோது வைத்தியருக்கு அவனே ரெலிபோன் எடுத்துப் பேசி, நேரம் குறித்துவிட்டு, எங்களில் யாருக்கு அன்றைக்கு லீவு என்று மட்டும் கேட்டான்.